உத்தரவுக்கு முளைக்காத விதை

கலெக்டர் துரையின் உத்தரவு என்றால் அந்த நாளில் ஜில்லாவே நடுங்கும். ஆனால், அந்த உத்தரவுக்குச் சற்றும் மசியாத ஒன்று மலையாளக் கரையில் இருந்தது. அது தேக்கு விதை!

ஹென்றி வாலண்டைன் கனோலி 1806-ல் பிறந்தவர். இளமையிலேயே சென்னை ராஜதானியில் உத்தியோகம் ஏற்றார். 1840-க்கும் 1842-க்கும் இடையில் அவருடைய சகோதரர் மூவர் ஆப்கானிஸ்தானத்திலும் புகாராவிலும் மாண்டார்கள். அதே சமயத்தில்தான் மலபார் ஜில்லாவின் கலெக்டராக அவர் கோழிக்கோட்டில் அமர்ந்தார்.

அப்போது மலபாரின் தேக்குக் காடுகள் மொட்டையாகிக் கொண்டிருந்தன. கப்பல் கட்டத் தேக்கு வேண்டும். வெட்டுவோர் பலர், நடுவோர் ஒருவருமில்லை. வெட்டிய இடத்தில் புதிதாக நட்டு வளர்ப்பதே வழி என்று கனோலி கண்டார். நிலம்பூரில் நிலம் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. விதைகளும் சேகரமாயின.

விதைத்தார்கள், முளைக்கவில்லை. வேறு வழிகளில் முயன்றார்கள்; அப்போதும் பயனில்லை. காட்டிலே தானாக முளைக்கிற தேக்கு, மனிதன் கையால் விதைத்தால் ஏன் முளைக்க மறுக்கிறது?

தேக்கின் காயை உடைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். வெளியே காகிதம் போன்ற ஒரு பை. அதற்குள் கம்பளி போன்ற ஒரு போர்வை. அதற்கும் உள்ளே கல்லைப் போன்ற ஓடு. அந்த ஓட்டின் அறைகளில்தான் விதைகள் உறங்குகின்றன. நீர் எளிதில் உள்ளே புகாது. முளையும் எளிதில் வெளியே வராது. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மீண்டும் நனைந்த பிறகே ஓடு இளகும். ஒரே நாளில் விழுந்த காய்களில் சில இந்த ஆண்டு முளைக்கும். சில அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கும். ஒரு பருவம் பொய்த்தாலும் இனம் அழியாமலிருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது.

இந்த உறக்கத்தைக் கலைத்தவர் துரையல்ல. அவருக்குக் கீழே வேலை பார்த்த சாத்து மேனோன். அவர் செய்தது மிக எளிமையான காரியம். விதைகளை நீரில் ஊறவைத்தார். மழைக்காலத்துக்கு முன்பே பாத்திகளில் இட்டு, மேலே வைக்கோல் பரப்பி, நீர் தெளித்து வந்தார். ஈரம் மெல்ல மெல்ல ஓட்டை இளக்கியது. வாரங்கள் சென்றன; முளைகள் தலைகாட்டின. பருவமழையோடு நாற்றுகள் காட்டுக்குச் சென்றன. 1844 முதல் 1862 வரை அவர் மேற்பார்வையில் நடப்பட்ட மரங்கள் பத்து லட்சத்துக்கும் மேல்!

கனோலியின் பெருமை எதில் இருக்கிறது? தம்மால் ஆகாததைச் செய்யத் தெரிந்தவரிடம் பொறுப்பை ஒப்படைத்து, பலன் வரும்வரை பொறுத்ததில் இருக்கிறது. தேக்கு முற்ற ஏறக்குறைய 60 ஆண்டுகள் ஆகும். தாம் நட்ட மரத்தைத் தாம் வெட்டப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

ஆனால், காட்டிடம் காட்டிய பொறுமையைக் குடிகளிடம் அவருடைய ஆட்சி காட்டவில்லை. மாப்பிள்ளைமாரின் கிளர்ச்சிகளைக் கடுமையாக அடக்கினார். மக்கள் போற்றிய மம்புறம் தங்கள் சையத் பசல் 1852-ல் நாட்டைவிட்டே போக நேர்ந்தது. பகை மூண்டது. 1855 செப்டம்பரில், சிறையிலிருந்து தப்பிய சிலர் கோழிக்கோட்டில் கனோலியின் பங்களா தாழ்வாரத்திலேயே அவரை வெட்டிக் கொன்றார்கள். அவர் நட்ட தேக்குகள் அப்போது இன்னும் முற்றாத இளமரங்கள்.

இன்று நிலம்பூரில், சாலியாற்றின் கரையில், 1846-ல் நட்ட மரங்களில் நூற்றுக்கு மேற்பட்டவை சுமார் 5¾ ஏக்கரில் நிற்கின்றன. அந்த இடத்துக்குக் கனோலி தோட்டம் என்று பெயர். துரையின் அதிகாரம் போயிற்று; கம்பெனியும் போயிற்று. தக்க பருவத்தில், தக்க கை தொட்டு எழுப்பிய விதை மட்டும் வானளாவ நிற்கிறது.