தூரிகையோடு எகிப்து சென்றவர்

அரும்பொருளகத்தில் பொருள்களைப் பராமரிக்கும் பணியில் சேர விரும்புகிறேன் என்றால், அதற்கு என்ன படிக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அதற்கு விடை தேடியபோதுதான் ஹாவர்ட் கார்ட்டரின் வாழ்க்கையைப் படித்தேன். துட்டங்காமன் கல்லறையைக் கண்டுபிடித்த அதே கார்ட்டர்தான்.

1874இல் இலண்டனில் பிறந்த அவருக்குப் பள்ளிப்படிப்பு அதிகமில்லை. விலங்குகளை வரையும் ஓவியரான தந்தையிடம் வரையக் கற்றார். அவர் வளர்ந்த நோர்ஃபோக் வட்டாரத்தில், ஆம்ஹர்ஸ்ட் குடும்பத்தின் மாளிகையில் எகிப்தியப் பழம்பொருள்கள் நிறைய இருந்தன. அந்தத் தொடர்பால் 1891இல், 17 வயதில், எகிப்துக்குப் போனார். கல்லறைச் சுவரோவியங்களைப் படியெடுப்பதே முதல் வேலை. அடுத்த ஆண்டு பெட்ரியிடம் அகழாய்வு கற்றார். பின்னர் 1899 வரை டெய்ர் எல் பஹ்ரி கோயில் சுவர்களை வரைந்தார். சொந்தமாக ஒரு கோடுகூடச் சேர்க்காமல் உள்ளதை உள்ளபடி பார்க்கும் கண் அங்கேதான் அமைந்திருக்க வேண்டும். அதன்பின் அரசுப் பதவி கிடைத்தது. ஒரு தகராறுக்குப் பிறகு 1905இல் அதை விட்டு விலகினார்.

1922 நவம்பரில் கல்லறை கிடைத்த கதையை உலகமே அறியும். என்னைக் கவர்ந்தது அதன்பின் வந்த பத்தாண்டுகள். உள்ளே இருந்தவை 5,398 பொருள்கள். ஹாரி பர்ட்டன் அவற்றை இருந்த இடத்திலேயே, எண் அட்டையோடு படம் பிடித்தார். பக்கத்தில் இருந்த இரண்டாம் சேத்தியின் கல்லறை ஆய்வுக்கூடமானது. அங்கே வேதியியலர் ஆல்ஃப்ரெட் லூக்காஸும் ஆர்தர் மேஸும் பணிபுரிந்தனர். ஒரு சோடி மணிச் செருப்பு பார்ப்பதற்குப் புதிது போல் இருந்தது. ஆனால் மணிகளைக் கோத்த நூல் இற்றுவிட்டதால் தொட்டால் உதிர்ந்துவிடும். உருக்கிய மெழுகை மேலே ஊற்றி, இறுகும்வரை காத்திருந்து, அப்படியே தூக்கினார்கள். ஓவியம் தீட்டிய பெட்டி ஒன்றைக் காலி செய்யவே மூன்று வாரம் பிடித்ததாம்!

ஆயினும் 1925இல் நடந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. இறுகிப்போன பிசினால் அரசனின் உடல் சவப்பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெயிலில் வைத்தும் இளகவில்லை. உடலைத் துண்டுகளாகப் பிரித்து, சூடேற்றிய கத்திகளால் தலையை முகமூடியிலிருந்து எடுத்தார்கள். செருப்புக்குக் கிடைத்த பொறுமை அந்த இளைஞனுக்குக் கிடைக்கவில்லை.

1932இல் பணி முடிந்தது. முழுமையான ஆய்வறிக்கையை எழுதாமலேயே 1939இல் கார்ட்டர் மறைந்தார். ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் எழுதி வைத்த அட்டைகளும் அவர் கையால் வரைந்த படங்களும் ஆக்ஸ்ஃபோர்டின் கிரிஃபித் கழகத்தில் உள்ளன. எதன்மீது மெழுகு பூசினார்கள் என்பதும் அவற்றில் குறிக்கப்பட்டிருக்கிறது. பழைய மெழுகை எடுக்க வேண்டிய இன்றைய பராமரிப்பாளர், அந்த அட்டையைப் பார்த்துவிட்டே கை வைக்கலாம்.