ஆடிட்டர் குமரப்பாவும் அவர் கட்டிய தொண்டர் படையும்

மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி நமது சங்கச் செயலாளர் கேட்டபோது, காமராஜரையோ அப்துல் கலாமையோ எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார். அவர்களைப் பற்றி எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஜே. சி. குமரப்பாவை எடுத்துக்கொண்டேன். காந்தியப் பொருளாதாரம் என்று பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி வருமே, அந்தக் குமரப்பாதான். அந்த ஐந்து மார்க்குக்கு வெளியே அவரைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது.

அவரை ஏன் எடுத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் பார்க்கும் வேலை பயிற்சிப் பிரிவில். வருஷா வருஷம் பொன்னேரி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், திருவள்ளூர் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ., டிப்ளமா முடித்த பிள்ளைகள் வருகிறார்கள். நம் கல்லூரியிலிருந்தும் வருகிறார்கள். சட்டையில் டிரெய்னி என்று ஒரு அட்டை. சில கம்பெனிகளில் உண்மையாகவே தொழில் கற்றுக்கொடுக்கிறார்கள். சில இடங்களில் பயிற்சி என்பது அந்த அட்டையில் மட்டும்தான் இருக்கும். ஒரு வருஷம் பேக்கிங் மேஜையில் நின்றுவிட்டு, கையில் ஒரு சர்டிபிகேட்டோடு பையன் வீட்டுக்குப் போவான், அடுத்த பேட்ச் உள்ளே வரும். வேலையும் பயிற்சியும் சேர்த்துத் தருகிறோம் என்று சொல்வது யாருக்கும் சுலபம். அப்படி ஒரு படையைக் கட்டினால் அதற்குக் கணக்கு எப்படிப் போடவேண்டும் என்று 1934-லேயே மண்டையை உடைத்துக்கொண்டவர் ஒரு தமிழர், அதுவும் ஒரு ஆடிட்டர்.

1892 ஜனவரி 4-ந் தேதி தஞ்சாவூரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். நல்ல வசதியான கிறிஸ்தவக் குடும்பம். தகப்பனார் பொதுப்பணித் துறை அதிகாரி. முதல் உலகப் போர் நடந்த வருஷங்களில் லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தார். அங்கேயே தங்கிவிடுவார் போலத்தான் இருந்தது. அம்மா விடவில்லை. திரும்பி வந்து பம்பாயில் சொந்தமாக ஆடிட்டர் அலுவலகம் வைத்தார். கோட்டு, சூட்டு, டை, பெரிய கம்பெனிகளின் கணக்கு. அந்தத் தொழிலிலேயே இருந்திருந்தால் கோடீஸ்வரராகச் செத்திருப்பார். நாம் இந்தக் கட்டுரை எழுதவேண்டி வந்திருக்காது.

1927-ல் அமெரிக்கா போனார். சிராகியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம், பிறகு நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம். அங்கே ஒரு சர்ச்சில் இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பது பற்றிப் பேசினார். பேச்சு பத்திரிகையில் வந்தது. அவருடைய பேராசிரியர் செலிக்மன் அதைப் படித்துவிட்டு, இதையே உன் ஆராய்ச்சித் தலைப்பாக வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். அரசாங்கத்தின் வரவு செலவுப் புத்தகங்களை ஆடிட்டர் கண்ணோடு புரட்டப் புரட்ட, வரி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது தெரிந்துவிட்டது. வரியைக் கட்டுகிறவன் குடியானவன். அது செலவாகிற இடம் ராணுவமும் வெள்ளைக்காரச் சம்பளமும். அதுவரை பிரிட்டிஷ் ஆட்சி மேல் நல்ல அபிப்பிராயம் வைத்திருந்த மனிதர் முழுசாக மாறிப்போனார். யாருடைய மேடைப் பேச்சையும் கேட்டு மாறவில்லை, கணக்குப் புத்தகத்தைப் பார்த்து மாறினார் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம். குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டதும் இந்தச் சமயத்தில்தான்.

1929 மே 9-ந் தேதி ஆராய்ச்சிக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டார். ஒரு மரத்தடியில் சாணி மெழுகிய தரையில் ஒரு கிழவர் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார். சரி, மகாத்மா வரும்வரை இதை வேடிக்கை பார்ப்போம் என்று நின்றார். அந்தக் கிழவர்தான் காந்தி! ஐயோ என்று அந்த சூட்டோடேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கட்டுரையை யங் இந்தியா பத்திரிகையில் தொடராகப் போட ஒப்புக்கொண்ட காந்தி, குஜராத்தில் ஒரு தாலுகாவைச் சர்வே செய்து தரமுடியுமா என்று கேட்டார். குமரப்பாவுக்குக் குஜராத்தி ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் போனார்.

கேடா மாவட்டத்தில் மாதர் தாலுகா. குஜராத் வித்யாபீடத்து மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் வீடு வீடாக நுழைந்து, எத்தனை பேர், எத்தனை மாடு, என்ன கடன், என்ன வரி என்று எழுதி வாங்கினார். கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு வட்டாரத்தின் வறுமையை அளந்த ஆரம்பகால முயற்சிகளில் அது ஒன்று. இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் இதைக் கவனிக்கவேண்டும். மாணவர்கள் அங்கே மண் சுமக்கப் போகவில்லை. கேட்கவும் எழுதவும் கூட்டிக் கழிக்கவும் கற்றுக்கொண்டார்கள்; அந்த வேலையே ஒரு பயிற்சி. உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தி ஜெயிலுக்குப் போனதும் யங் இந்தியாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்தது. அடுத்து இவருக்கும் ஜெயில்.

1934 ஜனவரி 15-ல் பீகாரில் பூகம்பம். நிவாரண வேலை ராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்தது. பணத்துக்குக் காவல் குமரப்பா. தொண்டர் ஒருவரின் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு மூன்று அணா என்று கட்டு வைத்திருந்தார். காந்தி தன் குழுவோடு பார்வையிட வந்தார். அவர்களுடைய பாலும் பழமும் மோட்டார் பெட்ரோலும் மூன்று அணாவுக்குள் அடங்குமா? இந்தச் செலவை நிவாரண நிதியில் எழுதமுடியாது, வேறு எங்கிருந்தாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார். காந்தி கோபப்படவில்லை. கிராமத் தொழில்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கும் யோசனை வந்தபோது, அதை நடத்த அவர் தேர்ந்தெடுத்தது இந்த மூன்று அணாக்காரரைத்தான்.

(ஒரு சின்ன விஷயம். கும்மிடிப்பூண்டி ஸ்டீல் ரோலிங் மில்களில் உலைக்குப் பக்கத்தில் நிற்பவர்களில் பீகார்க்காரர்கள் நிறையப் பேர். தாத்தா காலத்துப் பூகம்பக் கதை உங்கள் வீட்டில் உண்டா என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். சிலர் வீட்டில் இருக்கிறது.)

அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் 1934 டிசம்பரில் வார்தாவில் பிறந்தது. கிருஷ்ணதாஸ் ஜாஜு தலைவர், குமரப்பா செயலாளர். ஆலோசகர்கள் பட்டியலில் தாகூர், ஜகதீச சந்திர போஸ், பி. சி. ராய், நம் சி. வி. ராமன் எல்லாரும் இருந்தார்கள். ஜம்னாலால் பஜாஜ் தன் தோட்டத்தைக் கொடுத்தார். அந்தத் தோட்டத்துக்கு மகன்வாடி என்று பெயர் வைத்தார்கள். மகன் என்றால் நம் தமிழ் மகன் இல்லை. காலமான மகன்லால் காந்தியின் நினைவு.

அங்கே என்ன நடந்தது? இந்தியா முழுவதிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். மாட்டுச் செக்கில் எண்ணெய் ஆட்டுவது, கைக்குத்தல் அரிசி, கையால் காகிதம் செய்வது, தேனீ வளர்ப்பு, சோப்பு, பனைவெல்லம் எல்லாம் கற்றுக்கொண்டார்கள். கூடவே கிராமச் சுகாதாரம், உணவுச் சத்து, முக்கியமாகக் கணக்கு எழுதுவது. சும்மா பழைய செக்கைக் கும்பிடவில்லை. ஜவேர்பாய் பட்டேல் என்ற ஊழியர் செக்கையே திருத்தி அமைத்தார். மாட்டுக்குப் பாரம் குறைந்து எண்ணெய் அதிகம் கிடைக்கும்படி செய்தார். மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் விளக்கு ஒன்றும் மகன் தீபம் என்ற பெயரில் வந்தது. பயிற்சி முடித்தவர்கள் கிராமத்துக்குப் போய்த் தங்கவேண்டும்; அங்கே தொழிலைத் தூக்கி நிறுத்தவேண்டும். கிராம சேவகர் என்று பெயர். 1938 டிசம்பர் 30-ல் காந்தி அங்கே ஒரு மியூசியத்தைத் திறந்துவைத்தார். மகன் சங்கிரகாலயம் என்ற அந்த மியூசியம் இன்றும் வார்தாவில் இருக்கிறது.

அதே காலத்தில் உலகத்தின் அந்தக் கோடியில் இன்னொரு படை இருந்தது. அமெரிக்காவில் பொருளாதார வீழ்ச்சியால் வேலையில்லாமல் திரிந்த இளைஞர்களை 1933-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் காட்டுக்கு அனுப்பினார். சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்று பெயர். மரம் நட்டார்கள், மண் அரிப்பைத் தடுத்தார்கள், பூங்காக்கள் அமைத்தார்கள். மாதம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். சாயங்காலம் வகுப்பு, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அங்கே கற்றுக்கொண்டார்கள். 1942 வரை ஏறக்குறைய 30 லட்சம் பேர் அதில் இருந்து வெளியே வந்தார்கள். கறுப்பர்களுக்குத் தனி கேம்ப் வைத்த களங்கமும் அதற்கு உண்டு. ரூஸ்வெல்ட்டுக்குக் கஜானா இருந்தது, கேம்ப் நடத்த ராணுவம் இருந்தது. குமரப்பாவுக்கு ஒரு தோட்டமும் கதர்ச் சட்டைக்காரர்களின் நன்கொடையும்தான். ஏழு லட்சம் கிராமங்கள் என்று அன்றைக்குச் சொல்வார்கள். அதற்கு முன்னால் மகன்வாடியில் பயிற்சி பெற்றவர்கள் ஒரு கைப்பிடி. இதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை.

ஆனால் ஒரு இடத்தில் குமரப்பாவின் கணக்கு ரூஸ்வெல்ட்டின் கணக்கைவிட ஆழமாகப் போனது. காட்டில் வேலை முடிந்ததும் அந்தப் பையன் எங்கே போவான்? மறுபடி வேலை தேடித்தான். குமரப்பா கற்றுக்கொடுத்த தொழிலுக்குச் சரக்கும் ஊரில், வாங்குகிறவனும் ஊரில். கற்றவன் அங்கேயே நிற்கலாம். அதோடு கூலி. விலை மலிவாக இருக்கவேண்டும் என்பதற்காகச் செய்கிறவன் வயிற்றைக் குறைக்கக்கூடாது என்பது சங்கத்தின் கொள்கை. 1935-ல் நூற்பவர்களுக்கு வயிறு நிறையும் கூலி தந்தே ஆகவேண்டும் என்று காந்தி பிடிவாதம் பிடித்தார். கதர் விலை ஏறியது. குமரப்பாவுக்கு அது சரியான கணக்கு. மலிவான பொருளின் மீதி விலையை எங்கேயோ யாரோ பட்டினியால் கட்டுகிறார்கள் என்பது அவர் வாதம். டிரெய்னிக்குத் தரும் ஸ்டைபண்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். மூன்று பேர் ஒரு ரூமை வாடகைக்கு எடுத்து, மெஸ்ஸில் சாப்பிட்டு, ஊருக்கும் கொஞ்சம் அனுப்பவேண்டுமானால் அந்தத் தொகை போதாது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த மீதியைக் கட்டுவது பையனின் அப்பா, பெரும்பாலும் ஒரு விவசாயக் கூலி. அதாவது அந்த அப்பாதான் கம்பெனிக்கு மானியம் கொடுக்கிறார்!

1942 போராட்டத்தில் மறுபடி பிடித்து உள்ளே போட்டார்கள். ஜபல்பூர் ஜெயிலில் இரண்டு புத்தகம் எழுதினார். ஒன்று ஏசுநாதரின் வாழ்க்கை நெறி பற்றி. இன்னொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றி. இரண்டாவதில் வாழும் வகைகளை ஐந்தாகப் பிரிக்கிறார். அடித்துத் தின்னும் புலி, தோப்பில் புகுந்து நட்டவனுக்கு ஒன்றும் தராமல் பறித்துத் தின்னும் குரங்கு, தன் கூட்டைத் தானே கட்டும் பறவை, கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ, பதில் எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய். எந்தத் தொழிலையும் இந்த ஐந்தில் எது என்று கேட்டுப் பார்க்கலாம். அப்போது படிப்பவர்களுக்கு இது பிரசங்கம் மாதிரி இருந்திருக்கலாம். தீர்ந்துபோகும் நிலக்கரியையும் எண்ணெயையும் நம்பிய வாழ்க்கை நிலைக்காது, அதற்காகச் சண்டை வரும் என்று அதில் வாதாடியிருப்பதை இப்போது படித்தால் சிரிப்பு வராது. டி.டி., டி.வி.ஐ. என்று காந்தி அவருக்கு இரண்டு பட்டம் கொடுத்தார். இறையியல் டாக்டர், கிராமத் தொழில் டாக்டர். எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காத பட்டங்கள்.

எளிதில் ஒத்துப்போகிற மனிதர் இல்லை. 1938-ல் நேரு தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் சேர்ந்தார். பெரிய தொழிற்சாலைகளை நோக்கியே பேச்சு போகிறது என்று கண்டு விலகிவிட்டார். சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸ் நியமித்த விவசாயச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவர். 1949-ல் வந்த அறிக்கை உழுகிறவனுக்கு நிலம், நிலத்துக்கு உச்சவரம்பு என்று சொன்னது. கட்சியில் நிலம் வைத்திருந்தவர்களுக்கு அது ரசிக்குமா?

எனக்கு அவரோடு முழு உடன்பாடு கிடையாது. ஆலையில் சம்பளம் வாங்கிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவன் நான். மின்சாரம், சுரங்கம் போன்றவை பெரிதாக, அரசாங்கத்தின் கையில் இருக்கலாம் என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் துணியும் எண்ணெயும் அரிசியும் மில்லுக்குப் போகக்கூடாது என்ற இடத்தில் நாடு அவரைக் கேட்கவில்லை. நம் மாவட்டத்தையே பாருங்கள். அம்பத்தூரில் எஸ்டேட் வந்தது, கும்மிடிப்பூண்டி வந்தது, தேர்வாய்கண்டிகை வந்தது. பனைமரங்கள் ரோட்டோரம் நிற்கின்றன. ஏறுவதற்கு ஆள் இல்லை.

தொண்டும் பயிற்சியும் சேர்ந்த படை என்ற யோசனை மட்டும் செத்துப்போகவில்லை. காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24-ல், நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. நாம் எல்லாம் என்.எஸ்.எஸ். கேம்ப்பில் சாம்பார் சாதம் சாப்பிட்டது அதில்தான்! பத்து நாள் கேம்ப்பில் ஏரிக் கால்வாயைத் தூர் வாரினோம். அந்த ஊரில் எத்தனை பேருக்குக் கடன், யாரிடம் கடன் என்று மட்டும் நாங்கள் யாரும் கேட்கவில்லை, கேட்கச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. 2022-ல் வந்த நான் முதல்வன் திட்டத்தில் இப்போதைய மாணவர்கள் கற்கும் கோர்ஸ்களைப் பார்க்கிறேன். நல்ல கோர்ஸ்கள். அதே மாணவர்கள் ஒரு செமஸ்டர் விடுமுறையில் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் மாதர் தாலுகா மாதிரி ஒரு சர்வே எடுத்தால், இந்த ஆலைகளில் அந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் நிரந்தரமாக இருக்கிறார்கள், எத்தனை பேர் டிரெய்னியாகவே வந்து டிரெய்னியாகவே போனார்கள் என்பது தெரிந்துவிடும். சங்கம் பஸ் செலவையாவது ஏற்கலாம். பொதுக்குழுவில் வைக்கிறேன்.

குமரப்பா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரத்தக் கொதிப்பு அவரை விடாமல் துரத்தியது. வார்தா பக்கத்தில் பண்ணை ஆசிரமம் என்று தமிழ்ப் பெயர் வைத்துச் சில காலம் விவசாயப் பரிசோதனை செய்தார். கடைசி வருஷங்களில் தமிழ்நாட்டுக்குத் திரும்பி, மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டியில் 1940-ல் வேங்கடாசலபதி தொடங்கிய காந்தி நிகேதனில் வந்து தங்கினார். மதுரையிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில்தான் அந்த ஊர். 1960 ஜனவரி 30-ந் தேதி காலமானார். காந்தி சுடப்பட்டதும் ஒரு ஜனவரி 30-ல்தான். சரியாகப் பன்னிரண்டு வருஷம்.