பேரருளாளனைப் பாடிய அத்வைதி: அடையபலம் அப்பைய தீக்ஷிதர்

பட்டு நெசவுக்குப் புகழ்பெற்ற ஆரணியின் அருகே அடையபலம் என்னும் சிற்றூர் உள்ளது. பதினாறாம் நூற்றாண்டின் வேதாந்தப் பேரறிஞராம் அப்பைய தீக்ஷிதர் அவதரித்த திருவூர் அதுவே. அவர்தம் காலம் 1520 முதல் 1593 வரை என ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். தந்தையார் ரங்கராஜாத்வரியே அவருக்குக் கல்வி புகட்டிய ஆசான். பாட்டியார் தோதாரம்பை வைணவ ஆசாரியர் குடியில் தோன்றியவர் என்பது குடும்ப மரபு.

வேதாந்திகளிடையே நெடுங்காலம் நிகழ்ந்துவந்த பெரும் வாதம் உண்மையைப் பற்றியது. சங்கரர் வழியினர் உண்மைக்குப் படிகள் வகுத்தனர். கயிற்றில் தோன்றும் பாம்பு பிராதிபாசிகம். நாம் புழங்கும் உலகம் வியாவகாரிகம். நிர்க்குணப் பிரம்மம் ஒன்றே பாரமார்த்திகம் என்றனர். உடையவர் வழியினரோ இப்படிகளை ஏற்றிலர். உலகும் உயிர்களும் எம்பெருமானுக்குச் சரீரம். அவை என்றும் மெய்யே என்றனர்.

பிரம்ம சூத்திரம் இவ்விடத்தில் ஆடையை உவமை காட்டுகிறது. தறியறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். இழைகளை விலக்கினால் ஆடையென்று தனியே ஒன்றில்லை. ஆதலின் காரணமே மெய், காரியம் பெயரளவே என்பது அத்வைதம். பாவும் ஊடுமாய் இணைந்த இழைகளே ஆடையென்னும் பெயரும் வடிவும் பயனும் பெறுகின்றன; இழையும் மெய், ஆடையும் மெய் என்பது விசிஷ்டாத்வைதம். இஃது ஏட்டளவில் நிற்கும் வாதமன்று. திருவீதியில் எழுந்தருளும் பெருமானின் கல்யாண குணங்கள் முடிந்த முடிவிலும் மெய்யா, இடைப்படியில் மட்டுமே மெய்யா என்பதே வினா.

தீக்ஷிதர் அத்வைதத்தையே முடிந்த உண்மையாகக் கொண்டார். சிவபரத்துவத்தை நாட்டி வைணவ அறிஞரோடு வாதும் புரிந்தார். ஸ்ரீகண்ட பாஷ்யத்திற்குச் சிவார்க்கமணி தீபிகை என்னும் உரை வகுத்தார். அதனை 500 மாணாக்கர்க்குப் பயிற்றுவித்ததையும், வேலூர் சின்ன பொம்ம நாயக்கர் அவருக்குக் கனகாபிஷேகம் செய்ததையும் அடையபலம் காளகண்டேசுவரர் ஆலயத்து 1582ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது.

எனினும், மாற்றார் கொள்கையை அவர் திரித்துரைத்ததில்லை. மத்வர், இராமாநுசர், ஸ்ரீகண்டர், சங்கரர் ஆகிய நால்வர் மதங்களையும் சதுர்மதசார சங்கிரகத்தில் தனித்தனியே தொகுத்தார். அதன் பகுதியான நயமயூகமாலிகை இராமாநுச சித்தாந்தத்தை அம்மதத்தார் உரைக்குமாறே உரைக்கிறது. அத்வைதத்தை மறுத்துச் சததூஷணீ இயற்றியவர் வேதாந்த தேசிகர். அவர் பாடிய யாதவாப்யுதயக் காவியத்திற்கு உரை கண்டவரும் இவ்வத்வைதியே! கச்சிப் பேரருளாளன் திருமேனி அழகை நூற்றுக்கு மேற்பட்ட சுலோகங்களால் வரதராஜஸ்தவமாகப் பாடி, அதற்குத் தாமே உரையும் வரைந்தார்.

அத்வைத ஞானத்தில் விருப்பம் எழுவதும் ஈசுவரன் அருளாலேயே என்பது அவர் துணிபு. ஆகவே வழிபாடும் திருமேனியும் அவருக்குத் தள்ளத்தக்க பொய்யாகவில்லை. உயர் உண்மைக்கு ஏற்றும் அருளாகவே விளங்கின. உடையவர் வழி நிற்போர் இம்முடிபை ஏற்கமாட்டார். ஆயினும், தம் கொள்கையில் தளராது, பிறர் கொள்கையைக் குறையாது எடுத்துரைத்த அவர்தம் நேர்மையை எச்சமயத்தாரும் போற்றுவர். பேரருளாளனின் வடிவழகில் தோய்ந்த அந்நெஞ்சம் அடியார் அனைவர்க்கும் உறவே.