கலெக்டர் துரை நட்ட காப்பிச் செடி

கோடை பிறந்துவிட்டால் போதும், சேலத்திலிருந்து ஏற்காடு நோக்கிக் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி விடுகின்றனர். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலைமீது ஏறுகின்றனர். ஏரியைக் காண்கின்றனர், எழிலைக் காண்கின்றனர், வழி நெடுக வளர்ந்து நிற்கும் காப்பித் தோட்டங்களையும் காண்கின்றனர். இத்தோட்டத்துக்கு வித்திட்டவர் யார் என்று கேட்டால், காக்பர்ன் துரை என்று பதில் கிடைக்கும். ஏற்காட்டின் தந்தை என்றே அவரை ஏடுகள் அழைக்கின்றன. தந்தை வந்து சேருமுன் அந்த மலையில் வாழ்ந்த மக்கள் யார், அவர்கள் கதை என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் எத்தனை பேர்? துரையின் கதையைச் சொல்லி, அந்தக் கேள்வியையும் இன்று கேட்க விரும்புகிறோம்.

மாண்டேகு டண்டாஸ் காக்பர்ன் ஸ்காட்லாந்து மரபினர். கிழக்கிந்தியக் கும்பெனியின் சென்னை அரசாங்கத்தில் அதிகாரியாகப் பணியாற்றியவர். சேலத்துக்கு அவர் வருவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்தான், 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கும்பெனியாரிடம் ஒப்படைக்க நேர்ந்தது. அலெக்சாண்டர் ரீடு முதல் கலெக்டராக வந்தார். அவருக்குத் துணையாக இருந்து நிலம் அளந்து வரி விதித்துப் பழகியவர் தாமஸ் மன்றோ. அந்த மன்றோ 1820-இல் சென்னை மாகாணக் கவர்னர் ஆனார். அதே ஆண்டில் சேலம் கலெக்டராகக் காக்பர்ன் பொறுப்பேற்றார். 1829 வரை அந்த நாற்காலி அவருடையதாக இருந்தது.

அந்நாளைய கலெக்டர் என்றால் இலேசான ஆள் அல்ல! வரி வாங்குவதும் அவர் கையில், வழக்குத் தீர்ப்பதும் அவர் கையில். சீமையிலிருந்து வந்தவர்களுக்குச் சேலத்து வெயில் தாளவில்லை. வெயிலுக்கு அஞ்சி மலையை அண்ணாந்து பார்த்தவர்கள், மலையில் குளிரைக் கண்டனர், குளிரில் பயிரைக் கண்டனர், பயிரில் பணத்தைக் கண்டனர். அண்டை மாவட்டமான கோயமுத்தூரின் கலெக்டர் சல்லிவன் உதகையை உருவாக்கியதும் இதே 1820-களில்தான். காக்பர்னின் கண் சேர்வராயன் மலைமீது விழுந்தது.

ஐயாயிரம் அடி உயரம், அளவான மழை, வளமான மண். பேரி, ஆப்பிள் முதலிய பழமரங்களைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். அவற்றோடு காப்பிச் செடியையும் நட்டார். எத்தியோப்பியாவில் பிறந்து, ஏமன் நாட்டில் வளர்ந்து, ஐரோப்பாவின் அங்காடிகளை மயக்கிய செடி அது. கன்னட நாட்டுச் சிக்கமகளூர் மலைக்குப் பாபா புடான் என்ற பெரியவர் அதைக் கொண்டுவந்தார் என்பது நெடுநாளைய வழக்கு. சேர்வராயன் மலையில் அது வேர்விட்டது காக்பர்ன் காலத்தில். செடி செழித்தது. பின்னால் வந்த துரைமார் தோட்டங்களைப் பெருக்கினர். கிரேஞ்ச் எஸ்டேட் என்ற பெயர் அந்தப் பழைய காலத்தை இன்றும் நினைவூட்டி நிற்கிறது.

சேலத்தை விட்டபின் காக்பர்ன் குடும்பம் நீலகிரிக் கோத்தகிரியில் குடியேறியது. அங்கும் காப்பி நடப்பட்டது. 1829-இல் பிறந்த அவருடைய மகள் மார்கரெட், பின்னாளில் கோத்தகிரிப் பக்கம் தேயிலை பயிரிட்ட முன்னோடிகளில் ஒருவர். நம் மலைப் பறவைகளை அழகுற வண்ணத்தில் தீட்டி வைத்த கலைச்செல்வியும் அவரே. ஏறத்தாழ நூறாண்டு வாழ்ந்து 1928-இல் மறைந்தார். காக்பர்ன் கொள்ளையடித்துக் கப்பலேறியவர் அல்லர். மண்ணையும் மரத்தையும் நேசித்த மனிதர். அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆனால், நல்ல மனிதர் ஒருவர் நல்ல செடி ஒன்றை நட்டார் என்பதோடு வரலாறு முடிந்துவிடுமா?

அந்த மலை காலிமனை அல்லவே! சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து, மாடு மேய்த்து, தேன் எடுத்து வாழ்ந்த மக்கள் அங்கே இருந்தனர். மலையாளிகள் என்பது அவர்கள் பெயர். கேரளத்தவர் என்று எண்ணிவிடாதீர்! மலையை ஆள்பவர் என்ற பொருளில் மலையாளி. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் மூத்தவன் சேர்வராயன் மலையிலும், மற்ற இருவர் பச்சை மலையிலும் கொல்லி மலையிலும் குடியேறினர் என்று தங்கள் வரலாற்றை அவர்களே சொல்லி வருகின்றனர். கதையில் எவ்வளவு உண்மை என்று ஆராய்வது அறிஞர் வேலை. தமிழ் பேசும் உழவர் குடி தலைமுறை தலைமுறையாய் அங்கே வாழ்ந்தது என்பதில் ஐயம் எவர்க்கும் இல்லை. மே மாதத்தில் சேர்வராயன் குகைக்கோயில் விழாவுக்கு மலையூர்கள் எல்லாம் திரளுகின்றனவே, அந்தத் திரளைக் காண்பவர்கள், சாமியை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், ஒரு சமுதாயத்தின் ஒற்றுமையை அங்கே காணலாம்.

சாமை விளைந்தவரையில் அவனுக்கு ஊர்ச்சந்தைதான் உலகம். காப்பி வந்தபின், உலகமே அவனுக்குச் சந்தை ஆயிற்று. ஆனால் அந்தச் சந்தையில் அவன் வியாபாரியாகவா நின்றான்? தோட்டம் துரைக்கு, கூலி அவனுக்கு! 1882-இல் சென்னை வனச்சட்டம் வந்தது. காடுகள் ஒதுக்கப்பட்டன. எரித்து விதைத்து இடம் மாறிப் பயிரிடும் பழைய வழிக்குப் பூட்டு விழுந்தது. பாட்டன் நடந்த பாதையில் பேரன் அனுமதி கேட்டு நின்றான். நீலகிரியிலாவது, தோடர்களுக்கு அவர்கள் நிலத்தில் உரிமை உண்டென்று, தாமே நிலம் வாங்கிக் குவித்த சல்லிவன், வாதாடவாவது செய்தார். சேர்வராயன் மலைவாசிக்கு அப்படி வாதாடிப் பெயர் பெற்ற துரை யார்?

துரைமார் போயினர், நாடு விடுதலை பெற்றது. ஆனால் கயிறு அறுந்ததா? நியூயார்க் சந்தையில் அராபிகா விலை அசைந்தால் ஏற்காட்டில் அடுப்பு அசைகிறது. 1975-இலும் 1994-இலும் பிரேசிலில் உறைபனி கொட்டியது, உலகெங்கும் காப்பி விலை ஏறியது. நாடுகள் கூடி ஏற்றுமதி அளவை வகுத்த ஒப்பந்தம் 1989-இல் நிலைகுலைந்தது. வியட்நாமிலும் பிரேசிலிலும் விளைச்சல் பெருகிக் குவிந்தது. 2001-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விலை பாதாளம் பாய்ந்தது. எங்கோ விழுந்த பனிக்கு இங்கே இலாபம், எங்கோ பெருகிய விளைச்சலுக்கு இங்கே நட்டம்! இடையிலே 1960-களில் மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலை எழுந்தது. அதற்காக இந்த மலையின் பாக்சைட் மண்ணும் வெட்டிச் செல்லப்பட்டது. 2008-இல் அந்தச் சுரங்கப் பணி நின்றது. மண் போன இடத்தில் மலைமகனுக்கு மிஞ்சியது என்ன?

வெளியுலகமே வேண்டாம், சாமைக்கே திரும்பு என்று சொல்ல வருகிறோமா? இல்லை, இல்லவே இல்லை! பழமையில் படுத்துறங்கச் சொல்பவர் நாமல்லர். காக்பர்னின் ஸ்காட்லாந்துக்கு வடமேற்கே, அட்லாண்டிக் கடலில், பாரோ தீவுகள் என்று ஒரு சின்னஞ்சிறு கூட்டம் உண்டு. மக்கள் ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேல். ஆட்டு ரோமமும் மீனும் அவர்கள் வாழ்வு. டென்மார்க் மன்னரின் ஏகபோக வாணிபத்தில் கட்டுண்டு கிடந்தனர். 1856-இல் அந்தக் கட்டு அவிழ்ந்தது. கடலில் இறங்கினர், மீன் வாணிபத்தில் முன்னேறினர். பள்ளியிலும் கோயிலிலும் டேனிய மொழிக்கே இடமென்று இருந்ததை மாற்றித் தம் தாய்மொழியை ஏற்றினர். 1948-இல் தன்னாட்சி பெற்றனர். 1973-இல் டென்மார்க் ஐரோப்பியப் பொதுச்சந்தையில் சேர்ந்தபோது, எங்கள் மீன்வளம் எங்கள் பொறுப்பு என்ற எண்ணத்தில் அவர்கள் சேராமல் விலகி நின்றனர். 1990-களின் தொடக்கத்தில் மீன்வளம் குன்றி, வங்கிகள் சரிந்து, ஆயிரக்கணக்கானோர் ஊரை விட்டுப் போன துயரமும் அவர்களுக்கு நேர்ந்தது. உலகச் சந்தை அவர்களையும் அடித்தது. ஆனால் எழுவது எப்படி என்று தீர்மானிக்கும் மன்றம் அவர்கள் மண்ணிலேயே இருந்தது.

அங்கே மொழிக்கும் மீனுக்கும் மன்றம் உண்டு. இங்கே மலையாளியின் நிலை என்ன? 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டு மலையாளிகள் மூன்றரை இலட்சம் பேர், பாரோ மக்களைப்போல் ஏழு மடங்கு! தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் பெரும் தொகையினர் அவர்களே. அவர்கள் பழங்குடியா அல்லவா என்பதைக்கூட அரசியல் சட்டத்தின் 342-ஆவது பிரிவின்படி டில்லிதான் தீர்மானிக்கிறது. பட்டியல் மாவட்ட வாரியாக எழுதப்பட்டது. சேலம் மலையில் இருப்பவன் பழங்குடி. ஈரோடு மாவட்டத்து மலையில் இருப்பவன், அதே மொழி, அதே குடி, அந்தப் பட்டியலில் இடம் கேட்டுப் பல்லாண்டாகப் போராட வேண்டியதாயிற்று. மலைக்கு எல்லை போட்டவன் மனிதனுக்கும் எல்லை போட்டான்! வன உரிமைச் சட்டம் 2006-இல் பிறந்தது. தமிழ்நாட்டில் உரிமைப் பட்டயம் வழங்குவதற்கு இருந்த நீதிமன்றத் தடை நீங்கியதோ 2016-இல். பத்தாண்டு, ஏட்டுச் சுரைக்காய்!

மாநிலத்துக்கு அதிகாரம் வேண்டும் என்று நாம் முழங்குவது கோட்டையில் இருப்போருக்கு ஆசனம் அகலமாவதற்காக அல்ல. 1974-இல் தமிழக சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியதே, அதன் உட்பொருள், மக்களின் வாழ்வைத் தீர்மானிக்கும் இடம் மக்களுக்கு அருகில் இருக்கவேண்டும் என்பதுதான். டில்லியிலிருந்து சென்னைக்கு வரும் அதிகாரம் சென்னையிலேயே தங்கிவிட்டால் மலைக்கு என்ன இலாபம்? அது வளைவுகள் இருபதையும் ஏறி மலையூரை அடையவேண்டும். சிறு விவசாயிக்குப் பட்டா, அவன் காப்பிக்குக் கூட்டுறவு, அவன் பிள்ளைக்கு மலையிலேயே நல்ல பள்ளி, காட்டைப் பற்றிய முடிவில் அவன் கிராமசபைக்குச் சொல். இவை சலுகைகள் அல்ல, இருநூறு ஆண்டு நிலுவை!

காக்பர்ன் நட்ட செடியைப் பிடுங்கவேண்டாம். அது நம் மண்ணில் வேர்விட்டு நம் செடியாகிவிட்டது. செடியின் வேர் மலையில் இருக்கிறது, உழைப்பவன் வேரும் மலையில் இருக்கிறது. செடியை நட்ட துரையின் பெயர் ஏட்டில் இருக்கட்டும். செடியை இருநூறு ஆண்டாய் வளர்த்தவன் பெயர் பட்டாவில் ஏறட்டும்! அந்த நாள் வரும்வரை, ஏற்காட்டின் தந்தை யார் என்று கேட்கும் ஒவ்வொருவரிடமும், ஏற்காட்டின் பிள்ளைகள் எங்கே என்று திருப்பிக் கேட்டுக்கொண்டே இருப்போம்.