எந்த அணி பெரியது?

பொங்கலையொட்டிக் காரியாபட்டியில் இளைஞர்கள் ஒரு கால்பந்துப் போட்டி நடத்தினார்கள். ஓய்வுபெற்றுச் சொந்த ஊரில் குடியிருக்கும் பேராசிரியர் என்ற ஒரே தகுதியில் பரிசு வழங்க என்னை அழைத்திருந்தார்கள். ஆட்டம் முடிந்தது, வாக்குவாதம் முடியவில்லை. வென்றவர்கள் கோப்பையைக் காட்டித் தங்கள் அணியே பெரியது என்றார்கள். தோற்றவர்களோ, ஊரிலேயே பழைய அணி தங்களுடையது என்றார்கள். அரையிறுதியிலேயே வெளியேறிய மூன்றாவது அணி, திடலைச் சுற்றி நின்ற கூட்டத்தில் பாதிக்கு மேல் தங்களுக்காக வந்ததுதான் என்றது. கடைசியில் தீர்ப்புக் கேட்டு மூன்று தரப்பும் என்னிடம் வந்தன.

பொருளியல் கற்பித்தவனுக்கு இது பழகிய சிக்கல். பல அளவுகோல்களை ஒரே எண்ணாகச் சுருக்க வேண்டுமானால், எதற்கு எவ்வளவு எடை என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்த எடையை அவரவர் தமக்குச் சாதகமாகவே போடுவார்கள். ஆட்சியர் அலுவலகம் இருப்பதால் விருதுநகரே பெரிது என்பாரும், பட்டாசும் தீப்பெட்டியும் அச்சகமும் இருப்பதால் சிவகாசியே பெரிது என்பாரும் எங்கள் மாவட்டத்தில் இன்றுவரை உடன்பட்டதில்லை. இருவர் சொல்வதும் உண்மைதான், அளவுகோல்தான் வேறு.

அன்று மாலை என்னை உறுத்தியது வேறொன்று. மூன்று அணிகளும் மூன்று தெருக்களின் அணிகள். எங்கள் வட்டாரத்தில் தெரு என்றால் என்ன பொருள் என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எனவே தீர்ப்புக்குப் பதிலாக அவர்களிடம் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொன்னேன். நூறாண்டுகளுக்கு முன் கொல்கத்தாவில் வெறுங்காலுடன் கால்பந்து ஆடிய கோஸ்தா பாலின் வாழ்க்கை அது.

எந்த அணி பெரியது என்ற சண்டை இந்தியாவில் மிக நீண்ட காலமாக நடந்துவரும் ஊர் கொல்கத்தா. அங்கே மூன்று பெரிய கழகங்கள் உண்டு. 1889-இல் தோன்றிய மோகன் பகான், 1891-இல் தோன்றிய முகமதன் ஸ்போர்ட்டிங், 1920-இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால். மோகன் பகான் மேற்கு வங்கப் பூர்வகுடிகளின் கழகம் என்றும், ஈஸ்ட் பெங்கால் பத்மா நதிக்கு அப்பாலிருந்து வந்தவர்களின் கழகம் என்றும், முகமதன் இஸ்லாமியர்களின் கழகம் என்றும் ஒரு வகைப்பாடு வேரூன்றியிருக்கிறது. இந்தப் பிரிவினை மீன் வரைக்கும் போகிறது. மோகன் பகானுக்கு இறால், ஈஸ்ட் பெங்காலுக்கு இலிஷ் மீன். எந்த அணி வென்றதோ, அன்று அந்த அணியின் மீனுக்குச் சந்தையில் கிராக்கி.

இந்த வகைப்பாட்டின்படி பார்த்தால் கோஸ்தா பால் ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் நாயகனாக இருந்திருக்க வேண்டும். அவர் 1896 ஆகஸ்ட் 20 அன்று கிழக்கு வங்காளத்தின் ஃபரீத்பூர் மாவட்டத்தில் போஜேஸ்வர் என்ற கிராமத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே கொல்கத்தாவுக்கு வந்தார். துர்க்கை சிலைகளைக் களிமண்ணால் வனையும் குயவர்கள் வாழும் குமார்துலிப் பகுதியில்தான் அவர் பந்து விளையாடப் பழகினார்.

அவர் சிறுவனாக இருந்தபோதுதான் அந்த நகரம் தன் வரலாற்றின் மிகப் பெரிய விளையாட்டு வெற்றியைக் கண்டது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில், பிரிட்டிஷ் ராணுவத்தின் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவு அணியை மோகன் பகான் 2-1 என்ற கணக்கில் வென்றது. பூட்ஸ் அணிந்த ஆங்கிலேயர்களை, பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய இந்தியர்கள் வென்ற ஆட்டம் அது. வங்கப் பிரிவினையின் காயம் ஆறாத காலம். அந்த வெற்றி விளையாட்டுச் செய்தியாக மட்டும் நின்றிருக்க முடியாது. இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். அந்த அணியின் தலைவர் சிவதாஸ் பாதுரி உட்படப் பலர் கிழக்கு வங்காளத்தைப் பூர்விகமாகக் கொண்டவர்கள். பின்னாளில் கட்டப்பட்ட சுவர் அன்று இல்லை.

அடுத்த ஓரிரு ஆண்டுகளில், பதின்பருவம் கடப்பதற்குள், பால் அந்தக் கழகத்தில் சேர்ந்தார். இரண்டு பத்தாண்டுகளுக்கும் மேல் வேறு கழகத்துக்குப் போகாமல் அங்கேயே ஆடினார். அவர் ஆடியது பின்களத்தில். கோல் அடிப்பவரின் பெயர் ஊருக்குத் தெரியும். கோல் விழாமல் காப்பவரின் பெயர் பெரும்பாலும் தெரியாது. இந்த வழக்கத்துக்கு அவர் விதிவிலக்கு. ராணுவ அணிகளின் முரட்டுத்தனமான முன்கள வீரர்கள் பூட்ஸ் காலுடன் பாய்ந்து வரும்போது, வெறுங்காலுடன் எதிர்கொண்டு பந்தைப் பறிப்பதில் அவருக்கு நிகரில்லை என்று பெயர் வந்தது. சீனப் பெருஞ்சுவர் என்ற பட்டம் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1921 முதல் ஆறு பருவங்கள் அணிக்குத் தலைமை வகித்தார்.

இந்த இடத்தில் காரியாபட்டி இளைஞர்களிடம் ஒரு கணக்கைக் கேட்டேன். இத்தகைய சுவரைக் கொண்ட அணி, அவர் ஆடிய காலத்தில் எத்தனை முறை கொல்கத்தா லீக் முதல் பிரிவை வென்றிருக்கும்? ஐந்து, பத்து என்று ஊகித்தார்கள். விடை, ஒருமுறைகூட இல்லை. 1915-இல் முதல் பிரிவில் நுழைந்த மோகன் பகான், அந்த லீக்கை முதன்முதலாக வென்றது 1939-இல். அதற்குள் பால் ஓய்வுபெற்றுவிட்டார். ஐ.எஃப்.ஏ. ஷீல்டையும் 1911-க்குப் பிறகு அந்தக் கழகம் 1947-இல்தான் மீண்டும் வென்றது. 1923-இல் ஷீல்டு இறுதிவரை சென்று, ஐரோப்பியர்களின் கல்கத்தா கால்பந்துக் கழகத்திடம் தோற்றது. அதே ஆண்டு பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை இறுதி ஆட்டத்திலும் ஒரு ராணுவ அணியிடம் தோற்றது. கொல்கத்தாவில் கால்பந்து மழைக்கால ஆட்டம். காய்ந்த தரையில் மின்னலாகப் பாயும் வெறுங்கால், சேற்றில் வழுக்கும்.

கோப்பைதான் அளவுகோல் என்றால் பாலின் காலத்து மோகன் பகானைச் சாதாரண அணி என்றுதான் சொல்ல வேண்டும். அப்படி யாரும் சொல்லவில்லை. அந்த அணி தோற்ற ஆண்டுகளிலும் மக்கள் திரண்டு வந்தார்கள். ஆட்சியில் இருப்பவனைத் தோளோடு தோள் மோதித் தடுத்து நிறுத்தும் ஒருவனை வாரந்தோறும் காண்பதற்காகவே வந்தார்கள் என்று நான் கருதுகிறேன். லீக் முதல் பிரிவில் இந்தியக் கழகங்கள் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி அப்போது இருந்தது. விதியே ஒருபக்கம் சாய்ந்திருக்கும்போது, முடிவுகளை மட்டும் எண்ணுவது நேர்மையான கணக்காகாது.

அந்த விதியை உடைக்கும் சூழலை உருவாக்கியது ஈஸ்ட் பெங்கால். அதன் பிறப்பே ஒரு புறக்கணிப்பில் தொடங்கியது. 1920-இல் ஜோராபகான் கழகம், மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் சைலேஷ் போஸ் என்ற வீரரைக் களமிறக்க மறுத்தது. அக்கழகத்தின் நிர்வாகிகளில் ஒருவரான சுரேஷ் சந்திர சௌத்ரி அதைக் கண்டித்து வெளியேறினார். போஸ் கிழக்கு வங்காளத்தவர் என்பதே காரணம் எனக் கருதிய நண்பர்கள் சேர்ந்து புதிய கழகம் கண்டார்கள். 1925-இல் அது முதல் பிரிவுக்கு உயர்ந்தது. அவ்வாண்டு மே 28 அன்று, இரு கழகங்களும் லீக்கில் முதன்முறையாக மோதியபோது 1-0 என வென்றது ஈஸ்ட் பெங்கால். தோற்ற மோகன் பகானின் அன்றைய தலைவர் ஃபரீத்பூரில் பிறந்த கோஸ்தா பால். அவர் பிறந்த மண்ணின் பெயரைச் சூடிய அணி எதிரில் நின்றது. அவர் மாறவில்லை, அவரை மாறச் சொல்லி மோகன் பகான் ஆதரவாளர்களும் துரத்தவில்லை.

1933-இல் இலங்கைக்குச் சென்ற இந்திய அணிக்கு அவர் தலைமை வகித்தார். மறுஆண்டே கொல்கத்தாவில் ஒரு சகாப்தம் மாறியது. லீக்கை வென்ற முதல் இந்தியக் கழகம் என்ற பெருமையை 1934-இல் முகமதன் ஸ்போர்ட்டிங் பெற்றது. 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வீரர்களைத் திரட்டியதும், ஈரத் தரையில் அவர்களுக்குப் பூட்ஸ் அணிவித்ததும் அதன் வெற்றிக்குத் துணைநின்றன. மோகன் பகான் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முயன்றும் திறக்காத கதவை, ஒதுக்கப்பட்டதாக உணர்ந்த ஒரு சமூகத்தின் கழகம் திறந்தது.

பால் 1930-களின் நடுவில் ஆட்டத்திலிருந்து விலகினார். கல்கத்தா கழகத்துக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் நடுவர் அநீதியாகத் தீர்ப்பளித்தபோது, அவரும் தோழர்களும் திடலிலேயே படுத்து அறவழியில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள் என்றும், அந்தக் கசப்பே விலகலுக்குக் காரணம் என்றும் அந்நகரில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

1947 வந்தது. அவர் பிறந்த கிராமம் கிழக்கு பாகிஸ்தானாகி, 1971-இல் வங்கதேசமானது. எல்லை கடந்து வந்த அகதிகளுக்கு ஈஸ்ட் பெங்கால் கழகமே இழந்த ஊரின் முகவரியாயிற்று. முன்பு கேலியாக இருந்த பகைமை இப்போது துயரத்தின் எடையையும் சுமந்தது. 1962-இல் பால் பத்மஸ்ரீ பெற்றார். கால்பந்து வீரர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதல்முறை. 1970-களின் நடுவில் அவர் மறைந்தார். கொல்கத்தா மைதானில், ஈடன் கார்டனுக்கு அருகே அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. பந்துடன் நிற்கும் சிலையும் இருக்கிறது. 1998-இல் அஞ்சல்தலை வெளியானது.

பகைமை எல்லை மீறிய நாளை அவர் பார்க்கவில்லை. 1980 ஆகஸ்ட் 16 அன்று, ஈடன் கார்டனில் இவ்விரு கழகங்களும் மோதிய ஆட்டத்தில் வெடித்த கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். எந்த அணி பெரியது என்ற கேள்வியோடு அரங்குக்குப் போனவர்கள் வீடு திரும்பவில்லை.

இன்றும் அந்தக் கேள்விக்கு விடை இல்லை. கொல்கத்தா லீக்கை அதிக முறை வென்றது ஈஸ்ட் பெங்கால். தேசிய அளவிலான லீக் பட்டங்களில் முந்துவது மோகன் பகான். முதலில் லீக்கை வென்றது முகமதன். ஆனால், இம்மூன்றின் வரலாற்றையும் புரட்டினால் பொதுவாக ஒன்று தெரிகிறது. ஒவ்வொன்றும் உச்சத்தில் இருந்தபோது அதன் வாசல் அகலமாக இருந்தது. ஈஸ்ட் பெங்காலின் பொற்காலத்தை உருவாக்கி, பஞ்சபாண்டவர் எனப் புகழப்பட்ட அகமது கான், வெங்கடேஷ், தன்ராஜ், அப்பாராவ், சாலே ஆகிய ஐந்து முன்கள வீரர்களும் தென்னிந்தியர்கள். ஒருவர்கூட வங்காளி இல்லை. மோகன் பகானின் பெருஞ்சுவரோ கிழக்கு வங்காளத்து மண்ணால் ஆனது.

இதைச் சொல்லி முடித்தபோது என் கதையையும் சொல்லவேண்டியதாயிற்று. பள்ளிப் பருவத்தில் எங்கள் தெரு அணியில் நானும் ஆடினேன். எங்கள் எல்லாரையும்விட நன்றாக ஆடும் ஒரு பையன், வேறு தெருவிலிருந்து வந்து தன்னையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டான். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் வா என்றும் சொல்லவில்லை. நானும் பந்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவன் கொஞ்ச நேரம் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனான். ஐம்பதாண்டுகள் ஆகிவிட்டன. அன்று நாங்கள் வென்றோமா, தோற்றோமா என்பது நினைவில் இல்லை; அவன் நின்ற இடம் நினைவில் இருக்கிறது.

மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்று அரசு சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருக்கும் காலம் இது. கயிற்றை அவிழ்க்க ஆணை போடலாம்; பந்தை யாருக்குக் கடத்துவது என்பதற்கு ஆணை போட முடியாது. அதற்கு ஊக்கத்தொகை வேண்டும் என்பது என் துறை கற்றுத்தந்த பாடம். எனவே அடுத்த ஆண்டுப் பரிசுத்தொகை முழுவதையும் என் ஓய்வூதியத்திலிருந்து தருவதாக இளைஞர்களிடம் சொன்னேன். நிபந்தனை ஒன்றுதான், ஒவ்வோர் அணியிலும் குறைந்தது மூவர் வேறு தெருவைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும்.

அவர்கள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகக் கூறிச் சென்றார்கள். மூன்று அணிகளும் கலந்து பேசப் போவதே ஒரு தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).