குமரித் தந்தை மார்ஷல் நேசமணி
(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

தமிழ்நாட்டுப் படம் வரையும்போது மேற்கு எல்லையை எப்படி வரைகிறீர்கள்? நீலகிரியிலிருந்து பென்சிலை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டு வருவோம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி, ஆனைமலை, ஏலமலை, குற்றாலத்து மலை என்று பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டை ஒட்டியே கோடு வருகிறது. அகத்தியமலை வரைக்கும் ஏறக்குறைய அப்படித்தான். அதற்குப் பிறகு கோடு மலையை விட்டுவிட்டு மேற்கே இறங்கி, களியக்காவிளைப் பக்கமாகச் சென்று அரபிக்கடலில் விழுகிறது. மலையோ தன் பாட்டுக்குத் தெற்கே ஓடி ஆரல்வாய்மொழிக்கு அருகில் தாழ்ந்துவிடுகிறது.

இந்த ஆண்டு மதிய இடைவேளைகளில் ஏழாம் வகுப்புத் தங்கைகளுக்கு வரைபடம் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு எங்கள் வகுப்பினர் சிலருக்குக் கிடைத்தது. அவர்களில் ஒருத்தி, மலை ஒரு பக்கம் போக எல்லை ஏன் வேறு பக்கம் போகிறது என்று கேட்டாள். நல்ல கேள்வி! கோடு கடைசிவரை மலையோடு போயிருந்தால் நாம் உட்கார்ந்திருக்கும் இந்த வகுப்பறை கேரளத்தில் இருந்திருக்கும். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால் மார்ஷல் நேசமணி அவர்களின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும்.

விளவங்கோடு தாலுகாவில் உள்ள பள்ளியாடி என்னும் ஊரில் 1895ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் நேசமணி பிறந்தார். அன்று இந்தப் பகுதி திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. நம் பத்மநாபபுரம்தான் ஒரு காலத்தில் அந்த ராஜ்யத்தின் தலைநகரம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிவிட்டது. நேசமணி பிறந்தபோது அதிகாரம், பதவி, உயர் படிப்பு எல்லாம் வடக்கே போய்விட்டிருந்தன. அவரும் திருவனந்தபுரம் சென்றுதான் சட்டம் பயின்றார். பின்னர் நாகர்கோவில் வந்து வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார்.

அந்நாளைய நாகர்கோவில் நீதிமன்றத்தைப் பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஒரு செய்தி சொல்வார்கள். வழக்கறிஞர்கள் அமரும் அறையில் உயர் சாதியாருக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி. குடிக்கும் தண்ணீருக்கும் தனித்தனிப் பானைகள். புதிதாக வந்த இளைஞர் நேசமணி அந்த முக்காலியைத் தள்ளிவிட்டு நாற்காலியில் அமர்ந்தாராம், பானையும் உடைந்ததாம். சட்டம் படித்தவர்கள் கூடும் இடத்திலேயே இந்த நிலை என்றால், வழக்குக் கொண்டுவந்து வாசலில் நின்ற ஏழைக் குடியானவன் என்ன பாடுபட்டிருப்பான்? அதே நீதிமன்ற வழக்கறிஞர் சங்கத்துக்குப் பிற்காலத்தில் அவரே தலைவரானார். சமஸ்தானத்தின் ஸ்ரீமூலம் சபையிலும் உறுப்பினராக இருந்தார்.

சாதியை ஒட்டிய துன்பம் ஒருபுறம் இருக்க, மொழியை ஒட்டிய துன்பம் மறுபுறம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களிலும் தமிழ் பேசுவோரே மிகுதி. ஆனால் கச்சேரியிலும் பதிவு அலுவலகத்திலும் மலையாளம்தான் செல்வாக்குடன் இருந்தது. எங்கள் வீட்டு அலமாரியில் பழைய நிலப் பத்திரம் ஒன்று இருக்கிறது. அது மலையாளத்தில் எழுதியது. கையெழுத்துப் போட்ட என் கொள்ளுத் தாத்தாவுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது என்று பாட்டி சொல்வார். தன் நிலத்தின் நான்கு எல்லையைத் தானே படித்துப் பார்க்க முடியாத நிலை! தமிழர்கள் தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று ஏன் அத்தனை துடித்தார்கள் என்பது எனக்கு அந்தப் பத்திரத்தைப் பார்த்த பிறகே விளங்கியது. (நம் கோட்டாறு மறைமாவட்டமும் கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து தமிழ் பேசும் பகுதிகளைப் பிரித்து 1930ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டதே. அந்த வகையில் திருச்சபை அரசாங்கத்துக்கு 26 ஆண்டுகள் முந்திக்கொண்டது!)

1945ஆம் ஆண்டின் இறுதியில் நாகர்கோவிலில் திருவிதாங்கூர்த் தமிழர்களுக்கென்று ஓர் அமைப்பு தோன்றியது. அதுவே பின்னர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. 1947ஆம் ஆண்டில் நேசமணி அதில் சேர்ந்து, விரைவிலேயே அதன் முதன்மைத் தலைவராகத் திகழ்ந்தார். தாணுலிங்க நாடார், குஞ்சன் நாடார் போன்றோரும், பெயர் தெரியாத எத்தனையோ தொண்டர்களும் உடன் உழைத்தனர். தலைவர்களுக்குள் பிணக்குகளும் இருந்தன. நாம் ஒருவர் பெயரை மட்டும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். அது அவ்வளவு நியாயமில்லை என்பது என் எண்ணம்.

1948ஆம் ஆண்டுத் தேர்தலில் இக்கட்சி 14 இடங்களைப் பிடித்தது. 1949 ஜூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. புதிய மாநிலத்தில் தமிழர்களின் பங்கு முன்னிலும் சிறுத்தது.

தங்கைகளே, இங்கே குடிமையியல் பாடத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்றும் அதிகாரம் யாருக்கு உண்டு? முதலமைச்சருக்கா? சட்டமன்றத்துக்கா? இல்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி பாராளுமன்றத்துக்குத்தான் உண்டு. சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்பார்கள், அவ்வளவே. திருவனந்தபுரத்துச் சட்டமன்றத்தில் எவ்வளவு முழங்கினாலும் எல்லைக்கோடு ஓர் அங்குலமும் நகராது. வழக்கறிஞரான நேசமணிக்கு இது நன்றாகத் தெரியும். முதல் பொதுத்தேர்தலில் அவர் நாகர்கோவில் தொகுதியில் நின்று வென்று டில்லிக்குச் சென்றார். கோரிக்கை எந்த வாசலில் வைக்கப்பட வேண்டுமோ அந்த வாசலில் போய் நின்றார் எனலாம்.

1953 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்கள் சீரமைப்புக் குழுவை அமைத்தது. பசல் அலி தலைவர். குன்ஸ்ரு, பணிக்கர் ஆகிய இருவர் உறுப்பினர்கள். நேசமணியின் கட்சி ஒன்பது தாலுகாக்களைக் கேட்டது. நம் நான்கு தாலுகாக்களுடன் நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியவையே அவை.

குழு ஊர் ஊராகச் சென்று மனுக்களை வாங்கிக்கொண்டிருந்த 1954ஆம் ஆண்டில்தான் போராட்டம் உச்சத்தை அடைந்தது. தேவிகுளம், பீர்மேடு மலைகளில் தேயிலை, ஏலத் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். அவர்கள் மேல் அடக்குமுறை ஏவப்பட்டது என்று கேள்விப்பட்டு, நேசமணி தோழர்களுடன் அங்கே சென்று தடையை மீறிக் கைதானார். அதைத் தொடர்ந்து 1954 ஆகஸ்ட் 11ஆம் நாளை விடுதலை நாளாகக் கொண்டாடினார்கள். அன்று மார்த்தாண்டம், புதுக்கடைப் பகுதிகளில் ஊர்வலம் சென்ற மக்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. பலர் உயிரிழந்தனர். அவர்களில் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்களும் இருந்தார்கள்.

அப்போது ஆட்சியில் இருந்தவர் பட்டம் தாணுப்பிள்ளை. பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்காரர். அந்தக் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, மக்களைச் சுட்ட அரசு பதவி விலக வேண்டும் என்று தம் கட்சி முதலமைச்சரிடமே கேட்டார். முதலமைச்சர் விலகவில்லை. அதனால் கட்சியே கலகலத்தது. வடக்கே பிறந்து, நம் மொழி அறியாத ஒருவர், இங்கே இறந்த ஏழைகளுக்காகத் தம் சொந்தக் கட்சியோடு மோதினார் என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. நம் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரி ஒதுக்கினால் நன்றாக இருக்கும்.

1955 செப்டம்பர் 30இல் குழு தன் அறிக்கையைத் தந்தது. கேட்ட ஒன்பதில் ஐந்துக்கு மட்டுமே பரிந்துரை! இப்போது வரைபடத்தை மறுபடியும் எடுத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டை மலைக்குக் கிழக்கே இருக்கிறது. மக்கள் பேசுவதும் தமிழ். அங்கே மொழியும் மலையும் ஒன்றையே சொல்லின. ஆகவே அந்தத் தாலுகாவின் மேற்கே இருந்த காட்டுப்பகுதி நீங்கலாக மற்றது நமக்கு வந்தது. தோவாளை முதல் விளவங்கோடு வரை உள்ள நான்கு தாலுகாக்கள் பெரும்பாலும் மலைக்கு மேற்கே இருந்தும், மொழியைக் கருதித் தமிழகத்துக்குத் தந்தார்கள். தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் வேறு கணக்கு. அங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்து போகும் தோட்டத் தொழிலாளர்கள் என்றும், அந்த மலைகளும் ஆறுகளும் கேரளத்தின் பொருளாதாரத்துக்குத் தேவை என்றும் குழு கருதியது. அவை கேரளத்தோடு நின்றன.

இதன் விளைவு சாதாரணமானது அன்று. பெரியாறு அணை பீர்மேடு தாலுகாவில் இருக்கிறது. நேசமணி பிறந்த அதே 1895ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அணை அது. மலையைக் குடைந்து அதன் தண்ணீர் கிழக்கே வந்து தேனி, மதுரைப் பக்கத்து வயல்களில் பாய்கிறது. அணையைப் பராமரிப்பது தமிழ்நாடு. அணை நிற்கும் மண் கேரளத்தது. இரு மாநிலங்களுக்கும் இடையே நீதிமன்றம் வரை சென்ற வழக்குகளைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றதால், நெய்யாறு இடதுகரைக் கால்வாயை நம்பிய விளவங்கோட்டு வயல்களுக்கும் அதே கதைதான். படத்தில் ஒரு நூலிழை அளவு கோடு. நிலத்தில் ஓர் ஆறு.

மாநிலங்கள் சீரமைப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறி, 1956 நவம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நான்கு தாலுகாக்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நாகர்கோவில் தலைநகர் ஆயிற்று. செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. (2019 முதல் அது தென்காசி மாவட்டம்.) அதே நாளில் மலபார் மாவட்டம் சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்து கேரளத்துக்குச் சென்றது. ஆகவே வந்ததை மட்டும் எழுதி, போனதை எழுதாமல் விடாதீர்கள். தேர்வில் இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு!

இணைப்பினால் நமக்கு என்னென்ன வந்தன? நாஞ்சில் நாட்டு நெல்வயல்கள், தோவாளைப் பூக்கள், கல்குளம் விளவங்கோட்டு ரப்பர்த் தோட்டங்கள், 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை, குளச்சல் துறை, இரண்டு பருவமழைகளும் பெய்யும் ஒரு மாவட்டம். பத்மநாபபுரம் அரண்மனையும் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. சுற்றுலா சென்றபோது அங்கே மலையாளப் பலகைகளைக் கண்டு வியந்தவர்களுக்கு இப்போது காரணம் விளங்கியிருக்கும்.

இணைப்பு நடந்தவுடன் நேசமணி தம் கட்சியைத் தனியே வைத்துக்கொண்டு அரசியல் நடத்த விரும்பவில்லை. வேலை முடிந்தது, கட்சி இந்திய தேசிய காங்கிரசோடு கலந்தது. 1962இலும் 1967இலும் நாகர்கோவில் மக்கள் அவரையே பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1967ஆம் ஆண்டில் தமிழகமெங்கும் காங்கிரஸ் தோல்வியைத் தழுவியது. காமராஜரே விருதுநகரில் தோற்றார். அந்த அலையிலும் நேசமணி வென்றார் என்றால் மக்கள் அவர்மேல் வைத்திருந்த அன்பைச் சொல்லவும் வேண்டுமோ?

1968 ஜூன் முதல் நாள் அவர் காலமானார். காலியான நாகர்கோவில் தொகுதிக்கு 1969 ஜனவரியில் இடைத்தேர்தல் நடந்தபோது நின்று வென்றவர் பெருந்தலைவர் காமராஜர். அதே மாதம் 14ஆம் நாள்தான் சென்னை மாநிலம் சட்டப்படி தமிழ்நாடு என்று பெயர் மாறியது. தமிழ்நாடு என்ற பெயரைத் தம் கட்சியின் பெயரிலேயே சுமந்தவர் அந்தப் பெயர் கொண்ட மாநிலத்தைக் காணவில்லை. மார்த்தாண்டத்தில் அவர் பெயரால் கல்லூரி இருக்கிறது. நாகர்கோவிலில் மணிமண்டபம் இருக்கிறது.

நவம்பர் முதல் நாள் நம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. அனைத்துப் புனிதர் திருவிழாவும் அன்றே என்பதால் காலையில் திருப்பலிக்குப் போய்வருவோம். கேரளத்துக்கும் அதுதான் பிறந்தநாள். என் அத்தை பாறசாலையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். எல்லைக்கு அந்தப்புறம், பேருந்தில் சிறிது நேரம்தான். அன்று அத்தை மகள் கசவுப் புடவை உடுத்திப் பள்ளி விழாவுக்குப் போவாள். மாலையில் எல்லோருமாக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அத்தை வரும்போது பாட்டிக்குப் பிடித்த நேந்திரங்காய் வறுவல் கொண்டுவருவார்.