கார்ல் லாண்ட்ஸ்டைனர்

இளம்பிள்ளை வாதம் ஒரு காலத்தில் பெற்றோரை நடுங்கச் செய்த நோயாகும். நேற்று ஓடியாடிய குழந்தை இன்று காய்ச்சலுற்றுப் படுக்கும். சில நாள்களில் அதன் கால்கள் துவண்டுவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நோய் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிற்று. அதன் காரணம் எவருக்கும் விளங்கவில்லை. அக்காரணத்தைக் கண்டறிந்த பெருமை கார்ல் லாண்ட்ஸ்டைனரைச் சாரும்.

அவர் 1868ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், ஆஸ்திரியாவில் வியன்னா நகரை அடுத்துப் பிறந்தார். ஆறு வயதில் தந்தையை இழந்தார். அன்னையே அவரை வளர்த்து ஆளாக்கினார். 1891இல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், அதனோடு அமையாது வேதியியலையும் ஆழ்ந்து கற்றார். மக்கள் குருதி பல வகைப்படும் என்பதை 1901இல் உலகிற்கு அறிவித்தார். ஒருவர் குருதியைப் பிறர்க்குத் தீங்கின்றிச் செலுத்த அதுவே வழிகாட்டிற்று.

1908ஆம் ஆண்டு வியன்னாவில் இளம்பிள்ளை வாதத்தால் ஒரு சிறுவன் இறந்தான். இந்நோய் தண்டுவடத்தின் நரம்பணுக்களை அழிப்பது முன்னரே தெரிந்திருந்தது. ஆகவே, லாண்ட்ஸ்டைனரும் எர்வின் பாப்பரும் அச்சிறுவனின் தண்டுவடத்தை ஆராய்ந்தனர். அதில் பாக்டீரியா எதுவும் காணப்படவில்லை. தண்டுவடத்தை அரைத்து எலி, முயல் முதலியவற்றின் உடலிற் செலுத்தினர். அவற்றிற்கு நோய் வரவில்லை.

பிறர் அத்துடன் முயற்சியைக் கைவிட்டிருப்பர். அவர்களோ தளரவில்லை. குரங்கு மனிதனை ஒத்த உயிராதலின், இரண்டு குரங்குகளுக்கு அதனைச் செலுத்தினர். இரண்டும் நோயுற்றன, ஒன்றன் கால்கள் செயலிழந்தன. அவற்றின் தண்டுவடத்தில், சிறுவனின் தண்டுவடத்திற் கண்ட அதே அழிவு காணப்பட்டது. உருப்பெருக்கிக்கும் புலப்படாத நுண்பொருளே நோய்க்குக் காரணம் என அவர்கள் துணிந்தனர். மேலும் ஆராயப் போதிய குரங்குகள் வியன்னாவில் கிடைக்கவில்லை. எனவே, லாண்ட்ஸ்டைனர் பாரிசிலுள்ள பாஸ்டர் நிலையத்தாருடன் கூடி உழைத்தார். பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் அந்நோய்ப்பொருள் கடந்து சென்றது. அது வைரஸ் என்பது 1909இல் உறுதியாயிற்று.

முதல் உலகப்போருக்குப் பின் வியன்னாவை வறுமை வாட்டியது. ஆராய்ச்சியைத் தொடர இயலாத நிலையில் அவர் 1919இல் ஹாலந்து சென்றார். பின்னர் நியூயார்க்கிலுள்ள ராக்பெல்லர் நிலையத்தில் அமர்ந்தார். குருதி வகைகளைக் கண்டறிந்தமைக்காக 1930இல் நோபெல் பரிசு பெற்றார். முதுமையிலும் ஓய்வை நாடாத அவர், 1943ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஆராய்ச்சிக்கூடத்தில் பணிபுரியும்பொழுதே நெஞ்சு நோயுற்றுச் சாய்ந்தார். இரண்டு நாளில் உயிர் நீத்தார்.

இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்து 1955இல் வழக்கிற்கு வந்தது. அதனைக் காண லாண்ட்ஸ்டைனர் உயிரோடில்லை. இந்தியாவும் 2014இல் இந்நோய் நீங்கிய நாடெனச் சான்று பெற்றது. இன்று நம் நாட்டுச் சிறுவர் அச்சமின்றி ஓடியாடுகின்றனர். தோல்வி கண்டும் தளராது, அடுத்த வழியைத் தேடிய அறிஞரின் உழைப்பே இந்நன்மைக்கு முதல் வித்தாகும்.